மூடிய கிணற்றில் ஓட்டம்

மதியம் இரண்டு மணிக்கு, மூடிவைத்த எண்ணெய்க் கிணற்றின் அடியில் ஓட்டத்தை அளக்கும் கருவியின் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றக் கூடாது. வெளியே போகும் வால்வை அடைத்து ஆறு மணி நேரமாகிவிட்டது. இந்நேரம் தண்ணீர் கீழே, எண்ணெய் நடுவில், வாயு மேலே என்று தனித்தனியாக அடங்கியிருக்க வேண்டும்.

மூன்றும் கலந்து ஒரே குழாயில் ஏறிவரும்போது எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். கேபிள் நுனியில் கருவியை இரண்டாயிரம் மீட்டர் இறக்கிவிட்டு, லாரிக்குள் ஜன்னலில்லாத சின்ன அறையில், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் ஏசியின் முனகலும் சூழ, திரையில் நெளியும் கோடுகளைப் படித்துக்கொண்டிருப்பாள். வெளியே கேபிள் உருளையை ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன்.

மைக்கில் அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, வால்வு மூடித்தானே இருக்கு?"

"நானே மூடினேன் பாப்பா. ஏன், எங்கயாவது கசியுதா?"

கசிந்தால் ஓட்டம் மேலே வரும். இது கீழே போகிறது. காற்றாடி தலைகீழாகச் சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. கருவி கெட்டிருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அடர்த்தியைப் பார்த்தாள். தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். எண்ணெயில்லை, வாயுவில்லை. வெப்பம் முப்பத்தேழு. அந்த ஆழத்தில் தொண்ணூறுக்குக் குறைந்து அவள் பார்த்ததே இல்லை. முப்பத்தேழு என்பது காய்ச்சலில்லாத மனுஷ உடம்பின் சூடு. கடிகாரத்தை வைத்துக் காற்றாடியின் துடிப்பை எண்ணினாள். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, கருவியை மேல எடு. உடனே."

உருளை உறுமியது. கேபிளின் இழுவிசை ஏறிக்கொண்டே போயிற்று. அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது, விட மாட்டேனென்கிறது என்று அவன் மூச்சு வாங்கியபடி சொன்னான். கொஞ்சம் பொறு, சிக்கலை எடுத்துவிடுகிறேன் என்றான். தொடாதே என்று அவள் கத்துவதற்குள் லாரி முழுவதும் ஒரு குலுக்கு குலுங்கியது. பிறகு வெளியே இரும்பு முறியும் சத்தம்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கண்ணைக் குத்தும் வெயில். கிணற்றின் மேல் நின்ற உயரமான குழாய் முறிந்து தரையில் கிடந்தது. மார்பளவு உயரத்தில் கிணற்றின் வாய் திறந்திருந்தது. வாயு சீறவில்லை. ஊரிலுள்ள காற்றையெல்லாம் அது உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது. கேபிள் அண்ணனின் வலது கையை முழங்கைவரை சுற்றி, எலும்பு தெரிய இறுக்கி, அவனை அந்த வாயை நோக்கி இழுத்துக்கொண்டு போயிற்று.

பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உருளை நின்றுவிட்டது. இழுப்பு நிற்கவில்லை.

கை உள்ளே போயிற்று. தோள் இடித்து நின்றது.

"விட்டுடு பாப்பா" என்றான். "ஓடிடு."

விடவில்லை.

தோள் நொறுங்கியது. அவன் அலறல் குழாய்க்குள் இறங்கி, ஆழத்திலிருந்து அவளுக்கே திரும்பிக் கேட்டது. பிறகு தலை. பிறகு நெஞ்சு. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. அவள் பிடி இடுப்பிலிருந்து தொடைக்கு வழுக்கியது. தொடையிலிருந்து கணுக்காலுக்கு. கைகள் முழுக்கச் சூடான ரத்தம்.

குழாயின் வாய் ஒரு சாண் அகலம். அண்ணன் இடுப்புவரை அதற்குள் இருந்தான். வெளியே அவள் மார்போடு அணைத்திருந்த கால்கள், உயிரோடு, உதைத்துக்கொண்டேயிருந்தன.