பெற்றுக்கொண்டவர்

அளவு குறித்த நான்கு வெட்டுத்தாள்களையும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. தோள் அளவு நான்கிலும் ஒன்றே, பதினோரு அங்குலம், மயிரிழை பிசகவில்லை. மார்பளவும் மாறவில்லை. நீளம் மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது. முதல் தாளில் இருபத்திரண்டு, அடுத்ததில் இருபத்தெட்டு, அப்புறம் முப்பத்தாறு, கடைசியில் நாற்பத்தைந்து. நான்கு மாதத்தில் நான்கு ஃப்ராக். பதினைந்து வருஷமாகப் பெண்குழந்தைகளுக்கு மட்டுமே தைத்து வருகிறவள் அவள். வளர்கிற பிள்ளை தோளும் இடுப்பும் சேர்ந்துதான் வளரும் என்பது அவள் கத்தரிக்கோலுக்கே தெரியும். இது வளர்ந்த மாதிரி இல்லை. யாரோ இரண்டு முனையையும் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

தைக்கும்போது ஏன் உறைக்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மாதத்துக்கு அறுபது, எழுபது ஃப்ராக் போகிறது. எல்லாம் ஆன்லைன் ஆர்டர். வாங்குகிறவர்கள் படிவத்தில் அளவை நிரப்புவார்கள், கார்டில் பணம் கட்டுவார்கள். அவள் வெட்டித் தைப்பாள், நாத்தனார் இஸ்திரி போட்டு உறையில் வைத்து ஒட்டுவாள். யார் முகமும் தெரியாது. ஒரு தாளை ஆணியில் மாட்டிவிட்டால் அது அங்கேயே தூசு பிடித்துக் கிடக்கும்.

இன்று அவற்றைத் தேடி எடுக்க வைத்தது காலையில் வந்த மின்னஞ்சல். கார்டுக்குச் சொந்தக்காரர் தன் வங்கியில் புகார் கொடுத்திருந்தார். நான்கு ஆர்டரையும் தான் போடவில்லையாம். வங்கி கேள்வி கேட்காமல் நான்கு ஆர்டரின் பணத்தையும் அவள் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. வேண்டுமானால் ஏழு நாளுக்குள் ஆதாரம் காட்டிச் சண்டை போடலாம். புகாரில் ஒரு வரி மட்டும் மற்றவர்கள் எழுதுகிற மாதிரி இல்லை. 'என் வீட்டில் குழந்தை இல்லை.'

"அண்ணி, இதெல்லாம் ஒரே டிராமா" என்றாள் நாத்தனார், டேப்பைப் பல்லால் கடித்தபடி. "பொண்டாட்டி வாங்கியிருப்பா. பில்லைப் பாத்ததும் புருஷன் கையை விரிச்சிருப்பான். போன மாசம் ஒருத்தி போட்டுக்கிட்டு போட்டோவும் எடுத்துட்டு, பார்சலே வரலைன்னு சொல்லலை?"

"இந்தத் தடவை விடமாட்டேன்."

விடவும் முடியாது. இந்த வருஷம் ஏற்கெனவே மூன்று புகாரில் தோற்றிருந்தாள். இன்னும் ஒன்று தோற்றால் கணக்கை மூடிவிடுவோம் என்று பணம் வசூலித்துக் கொடுக்கிற நிறுவனம் கடிதமே அனுப்பிவிட்டது. கணவனுக்கு வேலை போய் எட்டு மாதம். அந்தக் கணக்கு இருக்கிறவரைக்கும்தான் வீடு.

மதியம் பார்சல் எடுக்க வந்த டெலிவரிக்காரரை நிறுத்தி விசாரித்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் கொண்டுபோவார். ரெயின்கோட்டிலிருந்து வாசலில் தண்ணீர் சொட்ட, முகவரியைப் பார்த்ததும் சிரித்தார்.

"நல்லா ஞாபகம் இருக்கு மேடம். மூணாவது மாடி. கதவையே திறக்காது அந்தப் பாப்பா. உள்ள இருந்தே டெலிவரி கோட் நம்பரைச் சொல்லும், 'வச்சிட்டுப் போங்க அங்கிள்'னு சொல்லும். நம்பர் நாலு தடவையும் கரெக்ட்."

"குழந்தைதானே? நிச்சயமா?"

"குழந்தைக் குரல்தான். ஆனா சேட்டை. முதல் தடவை குரல் என் இடுப்பு உயரத்துல கேட்டுச்சு. போன மாசம் பாத்தா..." அவர் தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைக் காட்டினார். "இங்கேருந்து பேசுது. ஸ்டூல் மேல ஏறி நிக்கும்போல."

நாத்தனார் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, உயரத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, கீழே அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவர் அழைத்தார். கார்டுக்காரர். பில்லில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவதாகச் சொன்னார். வயதான குரல் இல்லை, ஆனால் ரொம்ப நாளாகத் தூங்காத குரல்.

"அந்தக் கேஸை விட்டுடும்மா. உன் பணத்தை நானே தர்றேன். ரெண்டு மடங்கா வேணாலும் தர்றேன்."

"பணம் தர்றவர் ஏன் சார் வங்கியில புகார் குடுத்தீங்க?"

அந்தப் பக்கம் எங்கேயோ தள்ளி ஒரு கதவை உள்ளேயிருந்து நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், மெதுவாக, சலிக்காமல்.

"எழுத்துல வேணும்மா" என்றார் கடைசியில். "அந்த பார்சலை இந்த வீட்ல யாரும் வாங்கலன்னு வங்கிக்காரன் எழுதிக் குடுத்தா போதும். அதை என் சம்சாரத்துகிட்ட காட்டணும். அவ இன்னும் கதவைத் திறக்கலை. ஆனா திறந்துடுவா."

"எந்தக் கதவு சார்?"

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா. போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவ ரூம் கதவுதான்." அவர் குரல் தாழ்ந்தது. "யாரும் இல்லன்னு எழுத்துல இருந்தா அது போயிடும்மா. நீ எதுவும் எழுதாம இரு. அவ்வளவுதான் கேக்கறேன்."

போனை வைத்துவிட்டு உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரிடம் சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். "செத்த புள்ளையை வச்சுமா ஏமாத்துவாங்க? சீ." அந்த வார்த்தையைத்தான் அவளும் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏமாற்று. அதற்கு ஒரு பெயர் இருந்தது, அதைப் பற்றி என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

ஏழாவது நாள் ஆதாரங்களை அனுப்பினாள். ஆர்டர் படிவங்கள், கோட் எண்கள், டெலிவரிக்காரரின் கடிதம். கடைசியாக விற்பனையாளர் தன் சொந்த வாக்குமூலத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் கஞ்சி வாசம் எழுந்து அறை முழுக்கப் பரவியிருக்க, ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டு பகலே இருண்டு கிடக்க, அவள் விறுவிறுவென்று தட்டினாள். 'மேற்படி முகவரியில் வசிக்கும் சிறுமி நான்கு உடைகளையும் தானே பெற்றுக்கொண்டாள்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். தோற்ற மூன்று புகாரும், கணவனின் தலைகுனிந்த முகமும், அந்த ஆள் குழைந்த விதமும் நெஞ்சில் கொதித்தன. இன்னொரு வரி சேர்த்தாள். 'அவள் அந்த வீட்டில் இருக்கிறாள்.'

அனுப்பினாள்.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. வென்றுவிட்டாள். பணம் திரும்பி வந்தது. தீர்ப்பின் நகல் இரண்டு தரப்புக்கும் அனுப்பப்பட்டிருப்பதாகக் கீழே போட்டிருந்தது. நாத்தனார் கைதட்டினாள், கணவன் எட்டு மாதத்தில் முதல்முறையாக வெளியே போய் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கி வந்தான். அவள் மட்டும் அன்று சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

நான்கு நாள் கழித்து ஐந்தாவது ஆர்டர் வந்தது. அதே கார்டு, அதே முகவரி. மஞ்சள் துணி. தோள் பதினொன்று. மார்பளவு பழையபடி.

நீளம் எண்பத்துநான்கு.

எண்ணைத் தவறாக அடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். படிவத்தின் அடியில் குறிப்பு எழுதுகிற கட்டம் ஒன்று உண்டு. முந்தைய நான்கிலும் அது காலியாக இருந்தது. இப்போது அதில் ஒரு வரி. 'எழுதிக் குடுத்ததுக்கு தேங்க்ஸ் அக்கா. பழசெல்லாம் ஒண்ணா சேத்துத் தைச்சுப் போட்டிருக்கேன்.'

கார்டுக்காரர் எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தது ஒரு பெண். மெல்லிய, சந்தோஷமான குரல்.

"தையல் அக்காவா? நானே கூப்பிடணும்னு நினைச்சேன்."

"சார்கிட்ட பேசணுமே."

"அவர் தூங்கறார்மா."

"மத்தியானம் மூணு மணிக்கா?"

"நாலு நாளா தூங்கறார்." அவள் மெதுவாகச் சிரித்தாள். "உங்க பேப்பர் வந்துச்சு. அவருக்கும் வேற வழியில்ல பாருங்க. எழுதியே வந்துடுச்சே. அப்புறம்தான் கதவைத் திறந்தோம்."

லைன் அறுந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினாள். நான் முன்பு எழுதியது பொய். அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை. யாரும் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வேறு யாருடையதோ போலிருந்தது.

"நமக்கெதுக்கு அண்ணி இந்த வேலை? பேசாம ஆர்டரை கேன்சல் பண்ணுங்க."

"பண்ணிப் பாத்தேன். போகமாட்டேங்குது." செருப்பை மாட்டிக்கொண்டாள். "அந்த ஆளு கெஞ்சினாருடி. நான்தான் காதுல வாங்கலை."

பாலத்தைத் தாண்டி இறங்கினாள். சாதாரணத் தெரு. மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, ஈரத்தில் ஒண்டி நிற்கும் நாய். முகவரியில் இருந்த நான்கு மாடிக் கட்டடத்தில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. படியேறும்போது அதெல்லாம் தைரியமாக இருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு சைக்கிள், காயப்போட்ட துண்டு. மூன்றாவது மாடிக்குத் திரும்பியதும் சத்தங்கள் அடங்கின. கீழே மழை பெய்துகொண்டுதான் இருந்தது, கேட்கவில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த புதுத்துணியின் வாசம் வந்தது. அவள் வீட்டு வாசம். அதற்கடியில் வேறொன்று, நாள்கணக்காகப் பூட்டிவைத்த அலமாரியைத் திறந்தால் வருவது போல.

கதவு திறந்தே இருந்தது.

போனில் பேசிய அந்த அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பதான் அழுகையை நிறுத்தினார்."

"யாரு?"

அந்த அம்மாள் பதில் சொல்லாமல் வழிவிட்டாள். அவள் தான் எழுதிக்கொண்டு வந்த தாளை நீட்டினாள். "இதை வாங்கிக்கங்க அம்மா. சார்கிட்ட குடுத்துடுங்க. யாரும் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

அந்த அம்மாள் தாளைப் பார்த்தாள். பாவம் என்பதுபோல அவளையும் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே உள்ள வந்து சொல்லுங்க."

போகக்கூடாது என்று தெரிந்தது. கால் தானாக உள்ளே போயிற்று.

திரைகள் இழுத்து மூடிய கூடம். மஞ்சளாக மங்கின வெளிச்சம். உள்ளறைக் கதவு கீலிலிருந்து பெயர்ந்து சுவரில் சாய்ந்திருந்தது. ஜன்னலோரம் நாற்காலி. அதில் அவர். பனியனும் வேட்டியும். வாய் திறந்திருக்க, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிம்மதியாகத் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

கால்கள் தொங்கின.

தரையைத் தொடவில்லை. ஒரு முழம் மேலே, குழந்தையின் கால்கள் போலத் தொங்கின. அவருக்குக் கீழே துணி இருந்தது. நீலம். சிவப்பு. பூப்போட்டது. கோடு போட்டது. நான்கும் அவள் வெட்டியவை. ஒன்றோடொன்று தாறுமாறாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. துணிக்கு அடியில் இரண்டு முழங்கால்கள் கூராக முட்டிக்கொண்டிருந்தன.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. மடியில் கிடந்தார்.

அவள் கண் துணியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. இடுப்பு. பொத்தான். இன்னொரு இடுப்பு. இன்னொரு வரிசைப் பொத்தான். திரைக்கம்பி. அதற்கும் மேலே துணி போயிற்று. அதற்கும் மேலே அவள் பார்க்கவில்லை.

தட். தட். தட்.

நீண்ட கை ஒன்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. பொறுமையாக. பிஞ்சு விரல்கள். குட்டி நகங்கள். அந்த விரல்களுக்கும் தோளுக்கும் நடுவே அத்தனை நீளம்.

கையிலிருந்த தாள் நழுவித் தரையில் விழுந்தது. ஓசை வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அவர் விழித்துவிட்டார்.

கண்கள் அவளைக் கண்டுகொண்டன. உதடு அசைந்தது. கண்களில் தண்ணீர் கோத்தது. மூச்சு மட்டும் வந்தது, சொல் வரவில்லை. எழுந்திருக்க அவர் எடுத்த முயற்சியெல்லாம் ஒரு கால்விரலில் வந்து நின்று துடித்தது.

தட்டுவது நின்றது.

அந்தக் கை அவர் முதுகிலிருந்து எழுந்தது. தோளைத் தாண்டி, கன்னத்தை வழித்து, அவர் இரண்டு கண்களையும் மெல்ல மூடியது. மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தது.

பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது.