தலையாட்டி

காலையில் பாண் விற்க வருகிறவனின் ஹோர்ன் சத்தம் ஒழுங்கை முனையில் தொடங்கிப் பாதியில் அறுந்தது. அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த நேசமலர் கையை நிறுத்திக் காத்திருந்தாள். வழக்கமாக அவன் வாசல் படலை வரைக்கும் அடித்துக்கொண்டேதான் வருவான். இன்று ஒரு சைக்கிள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகு நாய்கள்கூடக் குரைக்கவில்லை. கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பி தயாபரன் வாய் நிறைய நுரையோடு திரும்பி அவளைப் பார்த்தான். கிடுகு வேலிக்கு வெளியே பச்சைச் சீருடைகள் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

ஒலிபெருக்கி பிறகுதான் வந்தது. எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று உடைந்த தமிழில் சொன்னது.

நேசமலரின் புருஷன் குணநாயகத்தைப் போன கிழமை வயலுக்குப் போகிற வழியில் ஆமி பிடித்துப் போயிருந்தது. முகாம் வாசலில் நாள் முழுக்க நின்று கேட்டும், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றே சொல்லி அனுப்பினார்கள். இப்போது தம்பி.

"எனக்கென்னக்கா பயம், நான் ஒண்டும் செய்யல்லியே" என்றான் அவன். சட்டைப் பொத்தானைப் பிழையாகப் போட்டிருந்தான். அவள் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

மைதானத்தில் பெண்களை மதிலோரம் வெயிலில் இருத்தி, ஆண்களை வரிசையாக்கினார்கள். நடுவில் ஒரு ஜீப். அதன் பக்கவாட்டு இருக்கையில் ஓர் உருவம், தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு, கண்களுக்கு நேரே இரண்டு ஓட்டை. பின்னால் ஒரு சிப்பாய் ஒட்டி நின்றான். சாக்குத் தலை அசையாமல் இருந்தால் வரிசையில் வந்தவன் வீட்டுக்குப் போகலாம், ஆடினால் லொறிக்கு. பெற்றோல் நாற்றத்தோடு வேறு ஏதோ ஒன்று காற்றில் வந்தது.

"ஆர் பெத்த நாசமோ" என்று பக்கத்திலிருந்த இராசம்மாக்கா முணுமுணுத்தாள். அவள் மகன் முன்னால் போனபோது தலை ஆடியது. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

நேசமலர் அப்போதுதான் சாக்குக்குக் கீழே தொங்கிய கால்களைக் கண்டாள். வலது பெருவிரலில் நகம் இல்லை. மண்வெட்டி பட்டுப் போன நகம். அவளே சீலை கிழித்துக் கட்டிய விரல்.

உயிரோடுதான் இருக்கிறார். அந்தச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது. எறும்பை மிதித்தாலே நின்று பார்க்கிற மனிதர் இதைச் செய்வாரா? எவ்வளவு அடித்திருந்தால் செய்வார்? இராசம்மாக்காவின் தோள் அவள் தோளில் சாய்ந்திருந்தது. வாய் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் இந்தப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் அவளுக்குள் ஒன்று மன்றாடியது: ஆருக்கு ஆட்டினாலும் தம்பிக்கு மட்டும் ஆட்டாதேயுங்க. வாவியில் அவனுக்கு நீச்சல் பழக்கியது நீங்கதானே.

தயாபரனின் முறை வந்தது. அவனும் அந்தக் கால்களைப் பார்த்தான். முகத்தில் மெல்லிய நிம்மதி படர்ந்தது.

"அத்தான்" என்றான்.

தலை ஆடியது.

நேசமலர் எழுந்து ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டே வழிவிட்டான். லொறியிலிருந்து தம்பி "அக்கா, போ, வீட்ட போ" என்று கூப்பிட்டது கேட்டது. அவள் ஜீப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாற்றம். இங்கிருந்துதான்.

"என்னப்பா" என்றாள். "நான்தான். என்னைப் பாருங்க."

ஓட்டைக்குள் கண் திறந்திருந்தது. அதன் மேல் ஓர் ஈ. கருவிழியைக் கடந்து மெல்ல நடந்தது. இமை மூடவில்லை.

பின்னால் நின்ற சிப்பாயின் கை. முழங்கை வரை சாக்குக்குள்.

தலை அவளைப் பார்த்து ஆடியது.