மீதி வார்த்தை

மதியத்திலிருந்து ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்த சுமியேவுக்கு அது முதலில் உறைக்கவில்லை. சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிராமல் நிற்பதைக் கவனித்த பிறகுதான் நறுக்குவதை நிறுத்தினாள்.

"புயல் வருதுல்ல, அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் கிளப்பிட்டுப் போயிட்டான்," என்றான் அவள் கணவன் மொரிஹிதே, செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னிக்கு நீ திட்டினா முழுசாக் காதுல விழும். அதான் ஓடறேன்."

"போகாதீங்க."

"அம்மா வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடிச்சுட்டு உடனே வந்துடறேன், சுமியே."

குளியலறைப் பக்கம் திரும்பாமலே அவன் வெளியேறினான். ஒரு வருஷமாக இருவருமே அந்தக் கதவைத் திறக்கவில்லை.

ஜப்பானின் ஒகினாவாத் தீவில் அமெரிக்க விமானத் தளத்து வேலியோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு மேல் விமானம் வந்தால் பேச்சை அந்த வார்த்தையோடு நிறுத்துவார்கள். போனதும் அடுத்த வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள். கேட்பவரும் அசையாமல் காத்திருப்பார். கல்யாண வீடோ துக்க வீடோ, யாரும் கத்துவதில்லை. கத்தி என்ன ஆகப்போகிறது?

போன கோடையில் ஏழு வயது யூனா குளித்துக்கொண்டே கூப்பிட்டாள். "அம்மா, எனக்கு..."

விமானம் வந்தது. கத்தியும் கையுமாக சுமியே மீதி வார்த்தைக்குக் காத்திருந்தாள். பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் அடங்கியும் மீதி வரவில்லை. சொல்ல வந்ததை மறந்திருப்பாள் கழுதை என்று மறுபடி காயை நறுக்கினாள். பெண்ணுக்கு மூச்சிழுப்பு வந்திருந்தது. நாலு எட்டு வைத்தால் குளியலறை. அந்த நாலு எட்டை அவள் வைக்கவில்லை.

அதன்பின் ஊரே சபிக்கும் இரைச்சலை அவள் மட்டும் கும்பிட்டாள். பகலில் விமானம், இரவில் என்ஜின் சோதனை. அது ஓயாதவரை பிள்ளை பேச்சை நிறுத்திவைத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று நம்பினாள்.

இப்போது ஓய்ந்துவிட்டது. சாமி மாடத்தில் யூனாவின் படத்துக்கு முன்னால் ஊதுவத்திச் சாம்பல் உதிர்வதும், சுவரில் பல்லி நகர்வதும், எங்கோ குழாய் சொட்டுவதும், அந்தச் சொட்டு மெல்ல நிறைந்த தொட்டித் தண்ணீரின் தளும்பலாக மாறுவதும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. ஆரஞ்சு சோப்பு வாசனை வந்தது. யூனாவின் சோப்பு.

"...மூச்சு விட முடியலம்மா."

குளியலறைக் கதவின் மங்கிய கண்ணாடியில், உள்ளிருந்து, ஒரு சின்ன உள்ளங்கை அழுந்தியது.

"யூனா! இதோ, அம்மா..."

இரைச்சல். வானத்தில் இல்லை. வீட்டுக்குள்ளே. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவள் வாய் நின்றது. கால் நின்றது. பிறந்த நாளிலிருந்து பழகிய உடம்பு. ஓடு, ஓடு என்று மனசு கதறியது. உடம்பு காத்திருந்தது.

கை கண்ணாடியைத் தட்டியது. மறுபடி தட்டியது. பிறகு கீழே வழுக்கத் தொடங்கியது.

இரைச்சல் ஓயவில்லை. கத்தியும் கையுமாக, திறந்த வாய் திறந்தபடி, அது அடங்கட்டும் என்று சுமியே நின்றுகொண்டிருந்தாள்.