பதினொன்று நாற்பதுக்கு ஒரு நிழல்

உலகத்தில் ஏமாற்றவே முடியாத ஆசாமிகள் இரண்டே பேர்.

ஒருவர் எமன்.

இன்னொருவர் ஐஸ் முதலாளி.

இதை யாரும் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. ஐஸ் முதலாளியே சொன்னார். இருபத்திரண்டு வருடங்களாக, தன் ஐஸ் ஃபேக்டரி ஆபீஸின் சுழல் நாற்காலியில் சாய்ந்து, தினம் ஒரு தடவையாவது சொன்னார். எதிரே நிற்கும் மேனேஜர் ஒவ்வொரு தடவையும், "எமனையாவது ஏமாத்திரலாம் முதலாளி!" என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி.

முதலாளியின் செல்போன் அலறியது!

அவர் அப்போதுதான் பல் டாக்டரிடமிருந்து வீடு திரும்பியிருந்தார். பாதி முகம் மரத்துப் போயிருந்தது.

"அலோ..."

"முதலாளி! சீக்கிரம் வாங்க!" மேனேஜரின் குரல் நடுங்கியது. "ஃபேக்டரி மொட்டை மாடியில... அந்த சோலார் என்ஜினீயர் பையன்... தலையில ரத்தம்... எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறான்!"

"எங்க கிடக்கறான்?"

"சோலார் பலகை மேல... மல்லாக்க!"

மீதிப் பாதி முகமும் மரத்தது.

ஏனென்றால், அன்று காலை பத்து மணிக்கு, அதே மாடியில் நின்று, கீழே லாரிக்காரர்கள் வரை கேட்கும்படி அவர் கத்தியிருந்தார்.

"இன்னொரு தரம் கணக்கு சொன்னே... உன்னை அந்தப் பலகை மேலயே காயப் போட்டுருவேன்!"

* * *

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிருந்தது.

ஆபீஸ் அறையில், அவருடைய சுழல் நாற்காலியில், ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலி பிரமாதம். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். "பையன் எப்படி இருக்கான் மேடம்?"

"மூச்சு இருக்கு. நினைவு இல்ல. பொழைச்சா கொலை முயற்சி, பொழைக்கலேன்னா கொலை. ரெண்டுல எது வந்தாலும் முதல் பேரு உங்களோடதுதான்."

"ஐயோ! நான் அவனைத் தொடவே இல்ல!"

இன்ஸ்பெக்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பாத்தீங்க?"

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பத்து மணிக்கு ரெண்டு பேரும் மேல போனாங்க மேடம். ஒரே சத்தம். பத்தரைக்கு முதலாளி மட்டும் இறங்கி வந்தார். காரை எடுத்துட்டுப் போயிட்டார். ஒரு மணிக்கு நான் போய்ப் பாத்தா..." மூக்கை உறிஞ்சினான். "ஆனா எங்க முதலாளி அப்படிப்பட்டவர் இல்ல மேடம். கோபம் வந்தா கை நீளும். அவ்வளவுதான்."

கை தூக்கிவிடுகிறானா, குழி வெட்டுகிறானா? முதலாளிக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அவன் நண்பன். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கணக்குப் பரீட்சையில், ஒரே மார்க்கில் ஃபெயிலானவர்கள். கை தூக்கிவிடுவதாகத்தான் இருக்கும்.

மேனேஜரின் சட்டைப்பையில் செல்போன் கிணுகிணுத்தது. எடுக்காமலே அமுக்கினான்.

"வீட்டுல, மேடம்."

"சரி, என்ன தகராறு?" இன்ஸ்பெக்டர் முதலாளியைக் கேட்டார்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "ஐஸ் ஃபேக்டரி மேடம். மாசம் மூணு லட்சம் கரண்ட் பில். என் பொண்டாட்டியோட தம்பி, என் மச்சான், ஒருநாள் வந்து 'மாமா, மாடி சும்மாதானே கிடக்கு, சோலார் போட்டுருவோம்'னான். வெயில்ல வச்சா ஐஸ் உருகும்னு பால் குடிக்கற குழந்தைக்குக்கூடத் தெரியும். இவன் வெயில வச்சு ஐஸ் பண்ணப் போறானாம்!"

பழக்க தோஷம்... மேனேஜர் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

"கடைசியில போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன். நாப்பத்தஞ்சு லட்சம்! பாதிக்கு மேல பேங்க் கடன். அந்த என்ஜினீயர் என்ன சொன்னான் தெரியுமா? 'தினம் நானூறு யூனிட் வரும். மாசம் தொண்ணூத்தாறாயிரம் மிச்சம். நாலு வருஷத்துல போட்ட காசு திரும்பிரும். அதுக்கப்புறம் இருபது வருஷம் சூரியன் உங்களுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன் சார்'னான். மூணு மாசம் ஆச்சு. பில்லு முப்பதாயிரம்தான் குறையுது! இப்படியே போனா போட்டதை எடுக்கப் பன்னெண்டு வருஷம். பேங்க்காரன் விடுவானா? ஃபேக்டரியை ஐஸ் கட்டியோட சேத்துத் தூக்கிட்டுப் போயிருவான்!"

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"போனை நீட்டறான். 'ஆப்பைப் பாருங்க சார், நானூறு யூனிட் ஒழுங்கா வருது'ன்னு. பில்லைப் பாருடான்னேன். ஆப்பைப் பாருங்கன்னான். நான் பாக்கலை."

"ஏன்?"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டூல் கிறீச்சிட்டது.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்து, சூரியன் வேலைக்கு வந்துட்டானா, டீ குடிக்கப் போயிட்டானானு எட்டிப் பாக்கறது ஒரு பொழைப்பா மேடம்? என் மச்சான் அதைத்தான் பண்ணுவான். சோத்துல கை வச்சுக்கிட்டே பாப்பான். நான் செத்தாலும் பண்ண மாட்டேன்!"

கதவு படாரென்று திறந்தது.

மச்சான்! மூச்சு வாங்கியது. வழக்கம்போல் கையில் போன்.

முதலாளி துள்ளி எழுந்தார். "இவன்தான் மேடம்! இவனைப் பிடிங்க! சோலார் கம்பெனிக்காரன்கிட்ட கமிஷன் அடிச்சிருப்பான். என்ஜினீயர் எங்கிட்ட உளறிடுவான்னு பயந்து தீத்துக்கட்டப் பாத்திருக்கான்!"

"இருந்தாலும் இருக்கும் மேடம்..." என்றான் மேனேஜர், மிகுந்த வருத்தத்தோடு.

மச்சான் அப்படியே நின்றான்.

"என்னையா மாமா சொல்றீங்க?"



அவன் கத்தவில்லை. கண்ணை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, போனை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தான்.

"மேடம், எங்க மாமா அவனை அடிக்கலை. சாட்சி இதோ இருக்கு."

"போனா?"

"சூரியன், மேடம்."

திரையில் ஆறு கோடுகள்.

"மாடியில ஆறு வரிசை. வரிசைக்கு ஒரு கோடு. வெயில் ஏற ஏறக் கோடும் ஏறும். ஒரே ஒரு பலகை மேல நிழல் விழுந்தாப் போதும், அந்த வரிசையே சுருண்டுரும். நாலாவது கோட்டைப் பாருங்க."

ஐந்து கோடுகள் குன்று மாதிரி ஏறியிருந்தன. நாலாவது மட்டும், சரியாகப் பதினொன்று நாற்பதுக்கு, கிணற்றில் குதித்த மாதிரி விழுந்திருந்தது!

ஒன்று பத்துக்கு மறுபடி எழுந்திருந்தது.

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "ஒண்ணு பத்துக்குத்தான் ஆம்புலன்ஸ்காரங்க அவனைப் பலகையிலேருந்து தூக்கினாங்க... அப்ப அவன் விழுந்தது பத்து மணிக்கு இல்ல! யோவ் முதலாளி, பதினொண்ணு நாப்பதுக்கு நீங்க எங்க?"

"பல் டாக்டர் நாற்காலியில மேடம். பதினொண்ணுலேருந்து பன்னெண்டரை வரைக்கும்."

இன்ஸ்பெக்டர் டாக்டருக்குப் போன் போட்டார். பேசினார். வைத்தார்.

"உண்மைதான். ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசலையாம். நர்ஸ் போட்டோ எடுத்து வச்சிருக்காங்களாம்."

முதலாளிக்கு உயிர் வந்தது. வந்த உயிர் மச்சானை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

"ஒண்ணு இடிக்குதே..." இன்ஸ்பெக்டர் திரையைத் தட்டினார். "இதுல தினம் நானூறு யூனிட் வந்திருக்கு. உங்க பில்லுல நூத்தியிருபத்தஞ்சுதான் கழிஞ்சிருக்கு. மீதியை யாரு சாப்பிட்டது?"

முதலாளி வாயைத் திறந்தார். இப்போது டாக்டர் யாரும் சொல்லவில்லை.

"இந்த ஆப் உங்க போன்ல இல்லையா?"

"இருக்கு. மச்சான்தான் போட்டுக் கொடுத்தான்... திறந்ததில்ல."

"திறந்து, பில்லைப் பக்கத்துல வச்சிருந்தா முதல் மாசமே தெரிஞ்சிருக்கும்! வாங்க மாடிக்கு."

கிணுகிணு... கிணுகிணு...

"வீட்டுல, மேடம்" என்றான் மேனேஜர்.

* * *

மாடியில் வெயில் மண்டையைப் பிளந்தது.

நாலாவது வரிசையின் நடுப் பலகையில் ரத்தம் காய்ந்திருந்தது. மச்சான் அதைப் பார்க்காமல் தாண்டிப் போய், மின்சாரப் பெட்டிகள் இருந்த தடுப்புக்குப் பின்னால் குனிந்தான்.

"மேடம்! இங்க வாங்க!"

ஒரு தடித்த கறுப்புக் கேபிள். முனை வெட்டப்பட்டிருந்தது. உள்ளே செம்பு புத்தம் புதிதாக மின்னியது.

கேபிள் கைப்பிடிச் சுவரில் ஏறியது. மறுபக்கம் இறங்கியது. கிளிப் அடித்து, பெயின்ட் அடித்து, யாரோ ஆசையாகச் செய்த வேலை. நேராகப் போய், பூட்டிக் கிடந்த பக்கத்துக் கட்டடத்தின் சுவருக்குள் நுழைந்தது.

"என்ஜினீயர் இதைத்தான் பிடிச்சிருக்கான்..." இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார். "எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டு நிக்கும்போது பின்னாலேருந்து விழுந்திருக்கு அடி!"

கீழே ஓடினார்கள்.

பக்கத்துக் கட்டடத்தின் ஷட்டர் சாத்தியிருந்தது.

அதன் அடியிலிருந்து... சிவப்பாக... மெல்ல மெல்ல... ஏதோ வழிந்து வந்தது!

"ரத்தம்!" முதலாளி அலறினார்.

"உள்ள இன்னொரு ஆளா?" மச்சான் பின்வாங்கினான்.

இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த ஏட்டு துணிச்சல்காரர். குனிந்தார். விரலால் தொட்டார். முகர்ந்தார். யாரும் தடுப்பதற்குள் நக்கியும் பார்த்தார்.

"ஸ்ட்ராபெர்ரி, மேடம்."

"என்னது?"

"ஐஸ்கிரீம். நல்ல கம்பெனி."

ஷட்டருக்கு மேலே ஒரு சின்ன போர்டு. 'குளிர் அறை வாடகைக்கு. ஐஸ்கிரீம், பழம், மருந்து வைக்கலாம். மிகக் குறைந்த கட்டணம்.' கீழே ஒரு நம்பர்.

"குறைந்த கட்டணம்தான் வாங்குவான்! கரண்ட்டுதான் ஓசியாச்சே!" இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

கிணுகிணு... கிணுகிணு...

மேனேஜர் சட்டைப்பையை அமுக்கினான். "வீட்டுல, மேடம்."

இன்ஸ்பெக்டரின் போனில் அழைப்பு அறுந்தது.

அவர் போனைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

கிணுகிணு...

"வீட்டு..." மேனேஜரின் குரல் பாதியில் நின்றது.

"எனக்குக் கல்யாணமாகி மூணு குழந்தைங்க." இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். "நான் எப்பய்யா உன் வீட்டுக்கு வந்தேன்?"

மேனேஜர் ஓடினான்!

மூன்றே அடி. நாலாவது அடி ஸ்ட்ராபெர்ரியில் விழுந்தது. கால் வானத்தைப் பார்த்தது. ஏட்டு போய் மேலே உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி அவனைப் பார்த்தபடி நின்றார். கோபம் வர வேண்டும். வரவில்லை.

"டேய்... உனக்கு ஏதுடா வீட்டுல? நீ தனிக்கட்டைடா... இது எனக்குத் தோணவே இல்லையே..."

"உனக்கு என்னதான் தோணியிருக்கு குண்டா?" இளஞ்சிவப்புக் குட்டையில் கிடந்தபடியே மேனேஜர் கேட்டான். "ஆப்பைச் செத்தாலும் திறக்க மாட்டேன்னு ஆபீஸ் பூராக் கேக்கச் சொன்னே. வாசலைத் திறந்து போட்டுட்டு, உன் பெருமையைக் காவலுக்கு உக்கார வச்சே. நான் உள்ள வந்தேன்."

"அந்தப் பையன் உனக்கு என்னடா பண்ணான்?"

"கேபிள் எங்க போகுதுன்னு கேட்டான். நீ மூணு மாசமாக் கேக்காததை அவன் கேட்டான். பயந்துட்டேன். இரும்புக் கம்பி கையில கிடைச்சுது... நீ காலையில கத்தின மாதிரியே அவனைப் பலகை மேல இழுத்துப் போட்டேன். அப்புறம் கேபிளை வெட்டிட்டேன். ஃப்ரீசர் நின்னு போச்சு. சரக்கு வச்சவன் எல்லாம் மத்தியானத்திலேருந்து போன் பண்ணி உயிரை எடுக்கறான்."

"உன்னைக் கூடப் பிறந்தவனாட்டம் நினைச்சேனேடா..."

"இருபத்திரண்டு வருஷம்!" மேனேஜரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "தினம் அதே எமன் ஜோக்கு! தினம் சிரிச்சேன்! வேலைக்குச் சம்பளம் கொடுத்தே... சிரிச்சதுக்கு என்னைக்காவது கொடுத்தியா?"

முதலாளி அதுவரை கேட்ட சிரிப்புகளையெல்லாம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

மச்சானின் பக்கம் திரும்பினார். "மச்சான்... உன்னைப் போய் நான்..."

"இப்ப வேணாம் மாமா." மச்சான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். "அடுத்த மாச பில்லு வரட்டும். அதைப் பாத்துட்டு மன்னிப்பு கேளுங்க. ரெண்டு மடங்கு கேக்கணும்னு தோணும்."

ஜீப்பில் ஏறும்முன் இன்ஸ்பெக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்டேஷன் மாடிகூட சும்மாதான் கிடக்கு... சோலார் போட எவ்வளவு ஆகும்?"

* * *

மூன்றாம் நாள் என்ஜினீயர் கண் திறந்தான். அம்மா, அப்பா, டாக்டர் எல்லோரும் குனிந்தார்கள். "நாலாவது வரிசை எழுந்துருச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப் போனான்.

அடுத்த பில்லில் தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம் குறைந்திருந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். மச்சானிடம் மன்னிப்பும் கேட்டார். இரண்டு மடங்கு.

எட்டு மாதம் கழித்து, கோர்ட்.

முதலாளி வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். துரோகியின் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வசனம் தயார். கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தது. கேட்டால் கல்லும் கரையும்!

வராந்தா கோடியில் மேனேஜர் வந்தான். இரண்டு பக்கமும் போலீஸ். இளைத்திருந்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம் நகர்ந்தது.

முதலாளியின் கை மெல்லச் சட்டைப்பைக்குள் போனது. ஃபைலுக்குக் கீழே, மடியில், யாருக்கும் தெரியாமல், ஒரு திரை வெளிச்சம் போட்டது.

காலடிகள் அவர் முன்னால் நின்றன.

"எத்தனை?" என்றது பழகிய குரல்.

"அறுபத்தெட்டு கிலோவாட். பாழாப்போன மேகம் வந்து..." நிமிராமலே சொன்ன முதலாளி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். போனை ஃபைலுக்குள் தள்ளினார். ஒரு வார ஒத்திகை ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

மேனேஜர் சிரித்தான். விலங்கு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.

இருபத்திரண்டு வருடங்களில் முதல் தடவையாக... நிஜமாக!

அதுவும் சம்பளம் நின்றுபோன பிறகு!