அச்சில் சுற்றியது

உள்ளே கிரீஸ் இளகியிருந்தது.

அதுதான் முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லை. பரண்மேல் வருஷக்கணக்காகத் துணி சுற்றிக் கிடந்த பொம்மை ரயில் இஞ்சின் அது. பல்சக்கரங்களில் தடவிய கிரீஸ் இந்நேரம் மெழுகாக இறுகி, சுரண்டினால் செதில் செதிலாக உதிர வேண்டும். தையல் மெஷின்களைப் பிரித்துப் பூட்டியே நரைத்தவள் அவள். மெஷின்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். மூடிக் கிடந்த எந்திரத்தின் வாடை அவளுக்கு அத்துப்படி: துரு, தூசி, பழைய எண்ணெயின் காறல். ஆனால் புகைபோக்கிக்கு அடியில் இருந்த ஒற்றைத் திருகைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கியதும், இப்போதுதான் யாரோ தலைவாரிவிட்டு வைத்த சீப்பைப் போல ஒரு வாடை எழுந்தது. கிரீஸ் அவள் விரல்நுனியில் வெதுவெதுவென்று ஒட்டியது.

"என்ன, முழிச்சுக்கிட்டு நிக்கிறே?" என்றார் கணவர், மேஜையின் மறுபுறத்திலிருந்து.

"இதைச் சமீபத்துல யாராவது ஓட்டினாங்களா?"

"யாரு ஓட்டுறது?" நடுங்கும் கைகளைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கை ஒரு திருகைப் பிடிக்குமா? பிடிச்சா உன்கிட்ட எதுக்குக் கெஞ்சப்போறேன்?"

"நீங்க கெஞ்சலை. கதவைப் பூட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

வாசல் கதவருகே அவளுடைய பெட்டி கட்டித் தயாராக நின்றது. பொழுது சாய்வதற்குள் மகள் காரோடு வந்துவிடுவாள். மகள் வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. காலையில் காபி கொடுக்கும்போதே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பரணிலிருந்து இதை இறக்கச் சொன்னார். கை நடுங்கினாலும் உடம்பு இரும்பு. பிடுங்கிக்கொண்டு ஓட முடியாது.

"இஞ்சின் ஓடணும். ஓடினா சாவி."

"அதென்ன இன்னைக்கின்னு பார்த்து?"

"இன்னைக்குத்தானே நீ போறே."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மதியமே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு அறை இருண்டிருந்தது. அவள் பெட்ரோலில் நனைத்த பஞ்சால் பல்சக்கரங்களைத் துடைத்தாள். மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளை எடுத்துப் பார்த்தாள், தேயவே இல்லை. பிறகு இஞ்சினைக் கவிழ்த்தாள்.

நடுச்சக்கரங்களின் அச்சில் என்னவோ தடிமனாகச் சுற்றியிருந்தது.

இதொன்றும் அதிசயமில்லை. எந்த மெஷினைத் திறந்தாலும் சக்கரத்தின் பின்னால் நூல் சுற்றியிருக்கும். தையல் பிரிக்கும் கத்தியால் கீறி, இடுக்கியால் உருவிப் போடுவது அவளுக்குத் தினப்படி வேலை. கத்தியை வைத்தாள். நூல் இல்லை. முடி. மேல்சுற்றெல்லாம் மருதாணி ஏறிய சிவப்பு. இடுக்கியால் ஒரு நுனியைப் பற்றி இழுத்தாள். வந்தது, வந்தது, முழங்கை நீளம் வந்தும் தீரவில்லை.

"ஸ்…"

தலையில் சிக்கெடுக்கும்போது வலித்தால் பெண்கள் மூச்சை உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தம். அவள் நிமிர்ந்தாள். அவர் வாய் மூடித்தான் இருந்தது.

"நீங்களா?"

"என்ன நானா?"

"ஒண்ணுமில்லை. உங்களுக்கு ஒரு அக்கா இருந்தாங்கன்னு சொல்வீங்களே, அவங்க தலைக்கு மருதாணி போடுவாங்களா?"

"போடுவா. தலை சிவப்பு, நாக்கு அதைவிடச் சிவப்பு. யாரோ ஒருத்தனோட போறேன்னு இந்த மேஜை முன்னாடிதான் நின்னு கத்தினா."

"போனாங்களா?"

"போயிட்டான்னுதான் சொன்னோம்."

சிவப்பு தீர்ந்ததும் அடியில் வெள்ளை தெரிந்தது. மெல்லிய, பட்டுப் போன்ற, முழுக்க நரைத்த முடி. அது யாருடையது என்று அவள் கேட்குமுன் அவரே சொன்னார்.

"எங்கம்மாவுக்கு இளநரை. அவங்களும் ஒருநாள் பெட்டி கட்டினாங்க, அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு. அப்பா இதை ஓட விட்டாரு. நான் சின்னப் பையன், கை தட்டினேன்."

"அவங்க அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்களா?"

"அண்ணன் வந்து கேட்டாரு. கிளம்பிட்டாளேன்னு அப்பா சொன்னாரு. வேலையைப் பாரு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று அவள் நாக்கு நுனிவரை வந்த கேலி அங்கேயே செத்தது. மூடிவிடலாம். அப்படியே துணியைச் சுற்றிப் போட்டுவிடலாம். ஆனால் சாவி அவர் சட்டைப் பையில், அவர் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முடியை எல்லாம் ஒரு தட்டில் ஒதுக்கினாள். அச்சின் இரு முனைகளிலும் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. மேல்கூட்டைப் பூட்டினாள். மேஜைமேல் வட்டமாக மாட்டியிருந்த தண்டவாளத்தில் இஞ்சினை வைத்து, சக்கரங்கள் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"சுவிட்சை நான்தான் போடுவேன்" என்றார் அவர்.

குமிழைத் திருகினார். இஞ்சின் ஒருமுறை உதறியது. பிறகு நகர்ந்தது. சூடான கரியின் நெடி. தகரத்தில் சக்கரம் உரசும் கீச்சு. முதல் சுற்றில் திக்கித் திணறியது, இரண்டாவதில் சீராகியது.

"ஓடுது. சாவியைக் குடுங்க."

"அதென்ன அடியில ஒரு சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

"உனக்குக் கேக்கலையா? மெஷின்காரின்னு ஊரெல்லாம் பேரு. அரைகுறை வேலையைத்தான் குடுப்பியா?"

அவளுக்கும் கேட்டது. மோட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில், வேறொன்று. எத்தனை வருஷப் பழக்கம். எந்த மெஷினையும் மேஜையில் காது வைத்துக் கேட்காமல் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை. வேலை செய்யும்போது கூந்தலை இறுக்கிக் கொண்டை போடுவதும் பழக்கம்தான். இன்று பயணத்துக்காகப் பின்னலாக விட்டிருந்தாள். அது நினைவில்லை. குனிந்து, தண்டவாளத்தின் ஓரமாகக் கன்னத்தை மரத்தில் பதித்தாள்.

ஸ்… ஸ்… ஸ்…

ஒருத்தி இல்லை. இரண்டு பேர்.

இஞ்சின் அவள் காதைக் கடந்து போனது. அடுத்த நொடி தலை வெடுக்கென்று இழுபட்டது.

"நிறுத்துங்க! பின்னல் மாட்டிக்கிச்சு, நிறுத்துங்க!"

அவர் அசையவில்லை. உள்ளங்கை நீளமுள்ள ஒரு பொம்மை. அது அவள் தலையை மேஜை நெடுக இழுத்துக்கொண்டு போனது. கன்னம் தண்டவாளத்தில் உரசியது. கையை நீட்டிச் சுவரைத் துழாவினாள். வயர் அகப்பட்டது. பிடுங்கினாள். பிளக் கையோடு வந்தது.

இஞ்சின் ஓடியது.

பிளக் அவள் கையில் இருந்தது. இஞ்சின் ஓடியது.

கத்தரிக்கோல். எங்கே? பெட்ரோல் கிண்ணம் கவிழ்ந்தது. முடி ஒதுக்கிய தட்டு விரலில் பட்டது, தட்டு காலி. கத்தரிக்கோல். பின்கழுத்தில் வைத்து வெட்டினாள். ஒரு வெட்டு, இரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று.

விட்டது.

தரையில் விழுந்து எழுந்தாள். வெட்டுண்ட பின்னல் பாம்புபோல் மேஜைமேல் ஊர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே காரின் ஹாரன் அடித்தது.

"இந்தா" என்றார் அவர். சாவியை நீட்டினார். கை நடுங்கவே இல்லை. "சொன்ன சொல் தவறமாட்டேன். போயிட்டு வா."

"வரமாட்டேன்."

"நீ வரலைன்னா என்ன? வர்றவ வருவா."

பூட்டு. கதவு. மழை. பெட்டியைக் கூட எடுக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் விழுந்தாள்.

"என்னம்மா இது கோலம்? தலை என்னாச்சு?"

"வெட்டிட்டேன். வண்டியை எடு."

"நீயேவா? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"எடுடீ வண்டியை!"

மகள் தன் ஈரப் பின்னலை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கியரைப் போட்டாள். கார் நகர்ந்தது. பின்கழுத்தில் காற்றுப் பட்டது. எத்தனை லேசாக இருந்தது தலை! அவள் கண்ணை மூடினாள். வாய்விட்டுச் சிரிக்கலாம்போல இருந்தது. தப்பித்தாயிற்று. முடிதானே, போனால் மயிர் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"போயிட்டு வான்னு சொன்னாரு."

"பரவாயில்லையே. நான் என்னவோ கதவை உடைக்கணும்னு நினைச்சு வந்தேன்." மகள் சிரித்தாள். "பார்லர்ல விட்டு ஒழுங்கா வெட்டிடலாம். பள்ளிக்கூடப் பொண்ணு மாதிரி ஆயிடுவே."

கண்ணாடித் துடைப்பான்கள் இடமும் வலமும் அடித்தன. தெரு நீளமாக இருந்தது. இத்தனை நீளமா இந்தத் தெரு?

"வண்டி ஏன் இப்படித் திணறுது?" என்றாள் மகள். ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இஞ்சின் உறுமியது. கார் தவழ்ந்தது.

"அம்மா."

"ம்?"

"பின்னலை விடும்மா. வண்டி ஓட்டும்போது என்ன விளையாட்டு?"

அவள் கண்ணைத் திறந்தாள். தன் மடியைப் பார்த்தாள். இரண்டு கைகளும் அங்கேதான் இருந்தன.

"அம்மா, விடு. வலிக்குது."

மகளின் மோவாய் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. சீராக. கருகருவென்ற அந்தப் பின்னல் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், காலிப் பின்னிருக்கைக்கு மேலாக, பின்கண்ணாடியை நோக்கி, கொடிக் கயிறு போல விறைத்து நின்றது. கண்ணாடிக்கு அப்பால், மழையில், வீட்டின் திறந்த கதவு; கிளம்பும்போது எவ்வளவு பெரிதாகத் தெரிந்ததோ அவ்வளவு பெரிதாக.