செயித்தின் பங்கு

பெட்டிக்குள் மின்கலம் இல்லை, ஆனாலும் மீட்டர் மூன்று புள்ளி ஏழு வோல்ட் என்று காட்டியது.

எசென் மீட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். எண் நகரவில்லை. பிஷ்கெக் நகரச் சந்தையில் ஓர் இரும்புச் சரக்குப் பெட்டகம்தான் அவன் கடை. பழைய மடிக்கணினி மின்கலங்களை மரப்பெட்டியில் அடைத்து, சிகரெட்டுக்குப் பதிலாக இழுக்கும் மின்புகைக் கருவி செய்து விற்பவன். மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சின்னத் திருகு. அளவு வைத்ததும் அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு. பூச்சு உடைந்து வந்தால், வாங்கியவன் கைவைத்துவிட்டான் என்று கையைக் கழுவிவிடலாம். எப்பேர்ப்பட்ட வம்புக்காரன் வாயையும் அந்தச் சொட்டு அடைத்துவிடும்.

இந்தப் பெட்டிதான் வாடிக்கைக்காரன் செயித்தின் முகத்தில் வெடித்து அவனைக் கொன்றது. ஒரு பக்கம் கருகியிருந்தது. பூச்சு உடையவில்லை.

சற்றுமுன்தான் செயித்தின் அக்காள் புருலாய் அதைக் கொண்டுவந்தாள். நாற்பதாம் நாள் விருந்து முடிந்து, செத்தவன் பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்டை மாமனுக்கு. தொப்பி இமாமுக்கு. இது உனக்கு."

"எனக்கு எதுக்கு எஜே? நான் என்ன சொந்தமா பந்தமா?"

"எஜேன்னு கூப்பிடாதே. என்னை எஜேன்னு, அக்கான்னு கூப்பிட ஒருத்தன் இருந்தான். செத்தவன் பங்கை வேண்டாம்னு சொல்றவன் இந்தச் சந்தையில உண்டா?"

பக்கத்துக் கடைகளிலிருந்து தலைகள் நீண்டன. எசென் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"வேணும்னா புதுசா ஒண்ணு செஞ்சு..."

"செஞ்சு? அதை இழுக்க அவனுக்கு மூச்சு எங்கடா இருக்கு? திருகை அவனே ஏத்திக்கிட்டான்னு ஊரெல்லாம் சொன்னியே, வாய்ச்சவடாலு! சாயங்காலம் மாமன்மார் வந்து பூச்சைப் பார்ப்பாங்க. சுரண்டுறதுன்னா அதுக்குள்ள சுரண்டிக்கோ."

காட்டம் போதவில்லை என்று செயித் முனகியபோது, கிராக்கி கைநழுவிவிடக் கூடாதே என்று அளவுக்கு மேல் திருகியவன் எசென்தான். மாமன்மார் பார்த்துவிட்டால் இந்தச் சந்தையில் அவன் தலைகாட்ட முடியாது. தலை மிஞ்சுவதே சந்தேகம்.

இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். வெளியே பனியில் தள்ளுவண்டிகள் கிறீச்சிடும் ஓசை தொலைவாயிற்று. உள்ளே கருகிய மரத்தின் நெடியும், அதனடியில் செயித் புகைக்க வழக்கமாக வாங்கும் முலாம்பழச் சாற்றின் தித்திப்பும், இப்போதுதான் யாரோ இழுத்து விட்டதுபோலப் புதிதாகக் கமழ்ந்தன. குளிரில் எசெனின் மூச்சு வெள்ளையாய் முகத்தின் முன் நின்றது.

கத்தி முனையால் பூச்சைச் சுரண்டினான். காய்ந்து இரண்டு மாதமான பூச்சு. ஈரமாக வழிந்தது. வெதுவெதுப்பாக.

மீட்டரில் எண் ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். மூன்று குட்டி இழுப்பு, பிறகு ஒரு நெடிய இழுப்பு. கடை வாசலில் நின்று செயித் அப்படித்தான் கருவியைச் சோதித்துப் பார்ப்பான்.

திருகைப் பின்னோக்கித் திருப்பினான். அது முன்னோக்கிச் சுழன்றது. கத்தியை எடுத்தான். சுழன்றுகொண்டேயிருந்தது.

நாலு. நாலரை. ஐந்து.

கதவுக்குப் பாயப் பார்த்தான். கால் எழவில்லை. கத்த வாய் திறந்தான். குரல் வரவில்லை.

மூச்சு மட்டும் வந்தது. வெள்ளை நூலாக. மேலே கலையவில்லை. வளைந்து, தாழ்ந்து, மேசைக்குப் போனது. பெட்டியின் கருகிய வாய்முனைக்குள் நுழைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

வெளியே மாமன்மார் கதவைத் தட்டினார்கள். வாய்முனையில், உதடு பதிந்ததுபோல், ஈரம் பளபளத்தது.

நெடிய இழுப்பு தொடங்கியது.