உறுமாத கார்

பல் டாக்டர் வாயைத் திறந்தபடி செத்துக்கிடந்தார்.

நோயாளிகள் சாயும் அதே நாற்காலியில்... நெற்றியில் ஒரே அடி. மேசையில் அழகுக்கு வைத்திருந்த பளிங்குப் பல் ரத்தத்தோடு கீழே உருண்டிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து வந்த நர்ஸ்தான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும் டாக்டரின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த விளக்கை அணைத்தார்.

"டாக்டருக்கு வேண்டாதவங்க யாராவது?"

"பல்லைப் பிடுங்கிக்கிட்டவங்க எல்லாரும் கொஞ்சம் கோவமாத்தான் போவாங்க மேடம். அதுக்காக இப்படியா..." நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்கு டாக்டர்தான் ஒருத்தர் மேல கோவமா இருந்தார். கார் மெக்கானிக் மேல. ஸ்பேனர்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. கட்அவுட் ஸ்விட்ச் வேலையே செய்யலையாம். வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்து வந்தார்."

கூட வந்த ஏட்டு குழம்பினார். "கட்அவுட்னா... நடிகருக்கு வைப்பாங்களே, அதுவா?"

"இது வேற சார். சைலன்சருக்கு முன்னாடி ஒரு வால்வு. அதைத் திறந்தா புகை சைலன்சருக்குள்ள போகாம நேரா வெளிய பாயும். வண்டிக்கு வேகம், ஊருக்குக் காதடைப்பு. தினமும் அந்தக் கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

"பல் டாக்டருக்கு எதுக்கு அந்தச் சத்தம்?"

"நெடுஞ்சாலையில போகும்போது மட்டும் வேணுமாம். கிளினிக் பக்கம் வந்தா மூடிடணும். இல்லைன்னா டிரில் வாய்க்குள்ள இருக்கறப்போ பேஷன்ட் துள்ளிடுவாங்க. அதுக்குத்தான் ஸ்விட்ச் வெச்சதா கேட்டு வாங்கினார். ஆனா மேட்டுல மிதிச்சா அது தானா கத்துது."

இன்ஸ்பெக்டர் அதை மனதில் முடிந்துகொண்டார்.

ஸ்பேனரின் ஷெட் அடுத்த தெருவில் இருந்தது. நல்ல தொழில்காரன். அழகான மனைவி. இரண்டாவதுதான் அவனுக்கு வியாதி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவளுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்தார் என்பதற்காக, கண் தெரியாமலே இருக்கட்டும் என்று அவளை வீட்டுக்கு இழுத்து வந்தவன். அவள் போன் சிணுங்கினால் இவன் வயிறு எரியும்.

ஷெட்டில் டாக்டரின் சிவப்புக் கார் நின்றது.

"டாக்டர் செத்துட்டாரா...? அய்யோ!" என்றான் ஸ்பேனர். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான்.

"மதியம் எங்கே இருந்தீங்க?"

"இங்கேதான் மேடம். ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, இவர் வண்டியை நிறுத்தின இடத்துலேயே என்ஜினை முறுக்கி டெஸ்ட் பண்ணேன். கட்அவுட்டைத் திறந்து விட்டேன். தெருவே கேட்டிருக்கும். பக்கத்து பெயின்ட் கடையில கேளுங்க."

பெயின்ட் கடை ஷெட்டை ஒட்டியே இருந்தது. வாசலில் ஒரு சைக்கிள். உள்ளே மெலிந்த மனிதர், பவ்யமான சிரிப்பு.

"கேட்டுச்சு மேடம். ஸ்பேனர் அண்ணன் ரொம்ப நேரம் முறுக்கினார்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணுதான் புரியல. அந்தக் கார் கத்தினா என் ரேக்குல டின்னெல்லாம் கிடுகிடுன்னு ஆடும். இன்னைக்கு ஒரு டின் கூட அசையல." அவர் பதறி எழுந்தார். "மேடம், அந்தப் பின்னறைக் கதவுல கை வைக்காதீங்க. இப்போதான் பச்சை அடிச்சேன், ஈரம் காயல."

கதவில் ஓர் இடத்தில் பெயின்ட் இழுபட்டிருந்தது. யாரோ உரசிப் போயிருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்குத் திரும்பினார்.

"ஸ்பேனர், எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரி டர்போ வண்டிக்கு எந்தக் கட்அவுட் நல்லது?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவன் முகம் தெளிந்தது.

"மூணு ரகம் இருக்கு மேடம். ஒண்ணு, கையால கழட்டி மாட்டுற மூடி. மலிவு, ஆனா ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு அடியில படுக்கணும். ரெண்டாவது, ஸ்விட்சைத் தட்டினா மோட்டார் திறந்துவிடும். மூணாவது, டர்போ என்ஜினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தம் ஏறினா அதுவே திறந்துக்கும். எதை எடுத்தாலும் குழாய் அளவுக்குச் சரியா இருக்கணும், டர்போவுக்குப் பின்னாடிதான் வைக்கணும். முன்னாடி வெச்சா டர்போவைச் சுத்த வேண்டிய புகை வீணாப் போயிடும்."

"மூணாவது ரகம், வண்டி நின்ன இடத்துல முறுக்கினா திறக்குமா?"

"திறக்காது மேடம். பாரம் இழுத்தாத்தான் அழுத்தம் ஏறும். ரோட்டுல நல்லா மிதிக்கணும்."

"டாக்டர் எதைக் கேட்டார்?"

"ரெண்டாவது."

"அப்படின்னா அந்த ஸ்விட்சைத் தட்டி முறுக்குங்க. மதியம் கேட்ட சத்தத்தை நானும் கேட்கணும்."

ஸ்பேனர் காரில் ஏறினான்.

ஸ்விட்சைத் தட்டினான். முறுக்கினான். கார் பூனை மாதிரி முனகியது.

"மோட்டார் சூட்டுல போயிருக்கும் மேடம்..."

இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு குனிந்து பார்த்தார். "மோட்டாரே இல்லையே. என்ஜின்ல இருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய்தான் வால்வுக்கு வருது. நீங்க மாட்டினது மூணாவது ரகம். ஸ்விட்ச் சும்மா கண்துடைப்பு. நின்ன இடத்துல இது எப்படிக் கத்துச்சு?"

ஷெட் மூலையிலிருந்து ஏட்டு குரல் கொடுத்தார். "மேடம், இங்க பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு. இன்னும் சூடு ஆறல."

ஸ்பேனரின் போனை வாங்கி ஏட்டு எதையோ தட்டினார். ஸ்பீக்கரில் சிவப்புக் கார் உறுமியது. ரோட்டில் ஓட்டியபோது பதிவு செய்த சத்தம்.

ஸ்பேனர் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என் பொண்டாட்டி வாராவாரம் பல் வலின்னு போறா மேடம். வலியோட போறவ சிரிச்சுக்கிட்டு வர்றா. எந்த ஊர்ல பல் டாக்டரைப் பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டு வருவாங்க? இந்த நேரத்துல இவர் வந்து, வேணும்னா சத்தம் வரணும், வேண்டாம்னா வரக்கூடாதுன்னு கேட்கிறார். என் வீட்டுத் தெருவுல சத்தமில்லாம வந்துபோகத்தானே? அதான் தானா கத்துற ரகத்தை மாட்டினேன். எங்க தெரு மேட்டுல ஏறினா எனக்குக் கேட்கும். நான் வேவு பார்க்கத்தான் மாட்டினேன் மேடம், கொல்ல இல்ல."

"அப்புறம்?"

"வண்டியை இங்க விட்டுட்டார். இனிமே எனக்கு எதுவும் கேட்காது. இன்னைக்கு மதியம் அவ மறுபடியும் பல்லு வலிக்குதுன்னு கிளம்பிட்டா... தாங்க முடியல. ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பின்பக்கமாப் போனேன். டாக்டர் நாற்காலியில தூங்கிட்டிருந்தார். அவ இல்ல. அவ அப்போதான் கிளம்பிப் போயிருக்கணும்னு நினைச்சேன். மேசையில இருந்த பளிங்குப் பல்லை எடுத்துட்டேன்."

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் வந்தாள். ஒரு கை கன்னத்தில்.

"என்னங்க, போலீஸ் ஜீப் நிக்குது?"

"நீங்க எங்கிருந்து வர்றீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பல் டாக்டர்கிட்ட இருந்துதான். மதியம் முழுக்க அங்கேதான் இருந்தேன். இப்போதான் மருந்து வெச்சு அனுப்பினார்."



கன்னத்தில் வைத்த அவளுடைய கையை ஸ்பேனர் பார்த்தான். முழங்கையில் பச்சை. ஈரப் பச்சை. அவனுக்கு அது எந்தப் பச்சை என்று புரியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது.

"ஸ்பேனர், நீங்க ஸ்பீக்கரைப் போட்டப்போ உங்க மனைவி இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்காங்க. பெயின்ட் கடைப் பின்னறையில."

அவள் கை கன்னத்திலிருந்து மெல்ல இறங்கியது. ஸ்பேனர் பாவமே செய்யாத அந்தப் பல் டாக்டரை நினைத்தானோ என்னவோ, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

ஏட்டு பக்கத்துக் கடைக்கு ஓடினார். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"கடை பூட்டியிருக்கு மேடம். வாசல்ல சைக்கிளையும் காணோம். போன சத்தமே கேட்கல."

ஸ்பேனரின் கையில் விலங்கை மாட்டியபடி அவர் பெருமூச்சு விட்டார்.

"போயும் போயும் தப்பான வண்டிக்கு மாட்டிட்டியேப்பா. அந்த சைக்கிளுக்கு ஒரு மணி மாட்டி விட்டிருந்தா போதுமே."